பயிற்சி மையமா, துணையோடு வேலையா, சொந்தக் கடையா? மனநோயிலிருந்து தேறிவரும் இளைஞருக்கான வழிகள்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), பைபோலார் (மனநிலை அளவுமீறி ஏறியும் இறங்கியும் போவது) போன்ற நோய்கள் பெரும்பாலும் கல்லூரி வயதிலோ, படிப்பு முடித்து வேலைக்குப் போகிற நேரத்திலோதான் முதலில் தலைகாட்டுகின்றன. ஓராண்டு, ஈராண்டு சிகிச்சைக்குப் பிறகு மாத்திரை ஒழுங்காகப் போகிறது, தூக்கம் வந்துவிட்டது, காதில் கேட்ட இல்லாத குரல்கள் அடங்கிவிட்டன. அப்போது வீட்டில் ஒரு கேள்வி எழும்: அடுத்து என்ன? அப்பா "எங்கேயாவது வேலைக்குப் போகட்டும்" என்பார். அம்மா "இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்பார். மருத்துவர் ஒரு பயிற்சி மையத்தின் பெயரைச் சொல்வார். மாமா கடை வைத்துத் தருவதாகச் சொல்வார். எல்லோரும் நல்லதைத்தான் நினைக்கிறார்கள். சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் இன்று கண்முன் இருக்கும் ஐந்து வழிகளை இங்கே எடை போடுகிறோம்.

## எதை வைத்து அளப்பது

அளவுகோலை முதலில் வைத்துக்கொள்ளாவிட்டால், கடைசியாகப் பேசிய உறவினரின் யோசனையே வென்றுவிடும். பார்க்கவேண்டியவை இவை:

- முதல் சம்பளம் கைக்கு வர எவ்வளவு காலம் ஆகும்?
- அதே வேலையைச் செய்யும் பக்கத்து ஆளுக்குக் கிடைக்கும் கூலி இவருக்கும் கிடைக்குமா?
- நோயைப் பற்றி யாரிடம், எவ்வளவு சொல்ல வேண்டிவரும்?
- மோசமான நாளில் யார் வந்து நிற்பார்கள்?
- சரிப்படாமல் போனால் எதை இழப்போம்?

ஐந்தில் நான்காவதற்கே நாங்கள் அதிக எடை கொடுக்கிறோம். இந்த இளைஞர்கள் வேலையை இழப்பது பெரும்பாலும் தொழில் தெரியாததால் இல்லை. மாத்திரை மயக்கத்தில் காலை அரை மணி தாமதம், சொல்லாமல் எடுத்த இரண்டு நாள் லீவு, சாப்பாட்டு நேரத்தில் தனியே போய் உட்காருவது, சூப்பர்வைசர் குரலை உயர்த்தியதும் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவது என்று முதல் மூன்று மாதத்தில் நடக்கும் சின்ன விஷயங்களில்தான் வேலை போகிறது. அந்த மூன்று மாதத்தில் இடையில் நின்று பேச ஒருவர் இருந்தால் இவற்றில் பலவும் சரியாகிவிடும்.

## 1. பயிற்சி மையமும் பாதுகாப்பான பணிக்கூடமும்

தையல், மெழுகுவத்தி, காகிதக் கவர், பேக்கரி, கணினித் தட்டச்சு எனப் பகல் நேரப் பயிற்சி தரும் இடங்கள் இவை. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் தொழிற்பயிற்சிக் கூடம் இந்த வகைக்கு நன்கு தெரிந்த உதாரணம். தொண்டு அமைப்புகளில் சென்னையில் 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-இல் தொடங்கிய பேனியன், மதுரையில் 1992 முதல் இயங்கும் எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை ஆகியவை மறுவாழ்வுப் பணியில் நீண்ட அனுபவம் உள்ளவை.

இங்கே கெடுபிடி குறைவு. நோயை மறைக்க வேண்டியதில்லை. வராத நாளில் யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டார்கள். நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவருக்கும், இரவு பகலாகவும் பகல் இரவாகவும் மாறிக் கிடப்பவருக்கும், வீட்டைத் தாண்டி ஆறு மாதமாக வெளியே போகாதவருக்கும் இது நல்ல முதல் படி.

மறைவான செலவு காலம்தான். ஆறு மாதம் என்று சேர்த்தது ஆறு வருடம் ஆவது சாதாரணம். கையில் வருவது ஊக்கத்தொகை, சம்பளம் இல்லை. இருபத்து மூன்று வயதில் இருக்கும் பி.காம் படித்த பையன் கவர் ஒட்டிக்கொண்டே முப்பதைத் தொட்டால், ‘தயாராகிறான்’ என்ற சொல்லுக்குப் பொருள் போய்விடுகிறது. கற்றுக்கொண்ட தொழிலுக்கு வெளியில் வேலை உண்டா என்பதையும் சேரும் முன்பே கேளுங்கள். ‘கடந்த ஓராண்டில் இங்கிருந்து எத்தனை பேர் வெளி வேலைக்குப் போனார்கள், அதில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்?’ இதற்கு எண்ணோடு பதில் வராவிட்டால், வெளியேறும் தேதியைச் சேரும் நாளிலேயே நீங்கள் எழுதி வைத்துவிடுங்கள்.

## 2. துணையோடு வேலை

இதில் வரிசை தலைகீழ். முதலில் வெளிச்சந்தையில் உண்மையான வேலை, பிறகு அந்த வேலையிலேயே பயிற்சி. கூடவே ஒரு வேலைத் துணைவர் இருப்பார். சில அமைப்புகளில் ஜாப் கோச் என்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் வடிவமைத்த ஐபிஎஸ் (Individual Placement and Support, ஆளுக்கேற்ற வேலையும் துணையும்) முறை இதன் மிகவும் சோதிக்கப்பட்ட வடிவம். 2007-இல் வெளியான ஆறு ஐரோப்பிய நகரங்களின் ஆய்வில், கடுமையான மனநோய் உள்ள 312 பேர் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஐபிஎஸ் பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் ஒரு நாளாவது சம்பள வேலை பார்த்தார்கள். வழக்கமான தொழிற்பயிற்சிக்குப் போனவர்களில் 28 சதவீதம்.

இளைஞர்களுக்கு இன்னும் நெருக்கமானது மெல்போர்னில் நடந்தது. முதல்முறை சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை உண்மையென நம்புவது) வந்த 15 முதல் 25 வயதினரிடம் ஆறு மாதம் இந்தச் சேவை தரப்பட்டது. முடிவில் வேலை பார்த்திருந்தவர்கள் 71 சதவீதம். சேவை இல்லாத பிரிவில் 48. ஆனால் பன்னிரண்டாம் மாதமும் பதினெட்டாம் மாதமும் பார்த்தபோது இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆறு மாதத்தோடு துணை நின்றுபோனதும் முன்னிலையும் நின்றுபோனது என்றே நாங்கள் இதைப் படிக்கிறோம். வேலை வாங்கித் தருவதைவிட, வாங்கித் தந்தபின் எவ்வளவு நாள் கூட நிற்கிறார்கள் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

துணைவர் செய்வது என்ன? திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவை எடுத்துக்கொள்வோம். பனியனை அட்டை வைத்து மடிக்க வேண்டும், ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், பாலி கவரில் போட வேண்டும், சைஸ் பிரித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். கை வேலை இரண்டு நாளில் வந்துவிடும். சூப்பர்வைசர் நடந்துகொண்டே "இந்த லாட்டை முடிச்சுட்டு ஸ்டிக்கரை மாத்து, எக்ஸ்எல்லைத் தனியா எடுத்து வை" என்று ஒரே மூச்சில் சொல்லும்போதுதான் சிக்கல். வாயால் சொன்ன மூன்று விஷயங்களை வரிசையாக நினைவில் வைப்பது மனச்சிதைவு உள்ள பலருக்குக் கடினம். முதலாவதைச் செய்துவிட்டுச் சும்மா நிற்பார். ‘சோம்பேறி’ என்று பெயர் வந்துவிடும். துணைவர் வந்து ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்ப்பார். வேலையின் வரிசையைக் கொட்டை எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டுவார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லும்படி சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொள்வார். முதல் மூன்று மாதம் ஒன்றரை ஷிப்ட் வேண்டாம், ஒரு ஷிப்ட் போதும் என்று மேனேஜரிடம் பேசி வைப்பார். கம்பெனிக்கு இதில் ஒரு பைசா செலவில்லை.

‘துணையோடு வேலை’ என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் எல்லாமே அது ஆகிவிடாது. சேரும் முன் கேட்க வேண்டியவை:

- ஒரு துணைவரிடம் எத்தனை பேர்? ஐபிஎஸ் முறையில் உச்சவரம்பு 20. ஐம்பது பேரைப் பார்ப்பவருக்குத் தொலைபேசியில் நலம் விசாரிக்கத்தான் நேரம் இருக்கும்.
- முதல் முதலாளியைச் சந்திப்பது எப்போது? ஒரு மாதத்துக்குள் நடக்க வேண்டும். ‘முதலில் ஆறு மாதம் கவுன்சலிங்’ என்றால் அது பழைய பயிற்சி மையம்தான்.
- வேலையில் சேர்ந்தபின் எத்தனை முறை நேரில் வருவார்கள்? சேருவதற்கு முந்தைய வாரத்தில் ஒருமுறை, சேர்ந்த மூன்று நாளுக்குள் ஒருமுறை, முதல் மாதம் வாரம்தோறும், பிறகு குறைந்தது ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை. இதுதான் அளவு.
- மனநல மருத்துவரும் துணைவரும் ஒரே குழுவாக உட்கார்ந்து பேசுகிறார்களா? மருந்து மாற்றியது துணைவருக்குத் தெரியாமல் போனால் அடுத்த வாரத் தாமதத்துக்குக் காரணம் புரியாது.
- ‘இன்னும் தயாராகவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்களா? வேலை வேண்டும் என்று கேட்பவரை அறிகுறி மிச்சமிருக்கிறது என்பதற்காகத் தள்ளக்கூடாது என்பது இந்த முறையின் அடிப்படை.

இதிலும் மறைவான விலை உண்டு. துணைவர் கம்பெனிக்குள் வந்தால் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். வேண்டாம் என்று இளைஞர் சொன்னால், துணைவர் வாசலுக்கு வெளியே டீக்கடையில் சந்திக்கலாம். அதுவும் இந்த முறைக்குள் அடங்கும். யாரிடம், எந்தச் சொல்லில் சொல்வது என்பதை எழுத்தில் அவரிடம் சம்மதம் வாங்கிய பின்பே பேச வேண்டும். ‘உடல்நிலை காரணமாகச் சிகிச்சையில் இருக்கிறார், இரவு ஷிப்ட் கூடாது, மாதம் ஒருநாள் ஊசிக்குப் போக வேண்டும்’ என்ற அளவே பல இடங்களில் போதும். நோயின் பெயர் தேவைப்படாது.

இன்னொரு குறை, சேவையே எல்லா ஊரிலும் இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறோம்.

## 3. யாரிடமும் சொல்லாமல் தானே தேடிக்கொள்வது

பலர் எடுக்கும் வழி இதுதான். சம்பளம் சீக்கிரம் வரும், கூலி சமமாக இருக்கும், பெயரில் முத்திரை இருக்காது. முதல்முறை நோய் வந்து முழுதாகத் தேறியவர், தனக்கு நோய் திரும்பும் அடையாளங்களைத் தானே கண்டுகொள்பவர், ஏற்கெனவே ஒரு தொழில் கையில் உள்ளவர் இதை எடுப்பதில் தவறில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு நோயாளியின் இரகசியத்தைக் காக்கிறது. கம்பெனி கேட்டாலும் அவர் சம்மதமின்றி ஆஸ்பத்திரி விவரம் தரக்கூடாது.

விலை எங்கே விழுகிறது என்றால், உதவி தேவைப்படும் நாளில். மதிய மாத்திரையைக் கழிவறையில் ஒளிந்து போடுவது, ஊசிக்குப் போகும் நாளில் பாட்டி இறந்ததாகச் சொல்வது, பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றுவது. இந்த பாரமே சிலருக்கு நோயைத் திருப்பிக் கொண்டுவருகிறது. பல கம்பெனிகளின் விண்ணப்பத்தில் உடல்நலக் கேள்வி இருக்கும். கையெழுத்துப் போட்ட தாளில் பொய் எழுதினால் பின்னால் அதையே காரணம் காட்டி அனுப்ப முடியும். அத்தகைய படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து யாரிடமாவது காட்டி நிரப்புவது நல்லது.

ஒரு சாதகத்தைப் பலர் கவனிப்பதில்லை. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ள வேலை என்றால், நோய் திரும்பும்போது ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கும். நீடித்த நோய்களின் பட்டியலில் சைக்கோசிஸ் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்தவருக்கு 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை. சம்பளம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருகிற, ஆனால் இஎஸ்ஐ பிடிக்காத கடையைவிட இஎஸ்ஐ பிடிக்கும் கம்பெனியே இவர்களுக்கு லாபம்.

## 4. சான்று வாங்கி அரசு வேலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசுப் பணியில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் மனநோய்க்குத் தனியாக 1 சதவீதம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்த 1. டிஎன்பிஎஸ்சி-யில் வயது வரம்பில் பத்தாண்டு தளர்வும் கட்டண விலக்கும் உண்டு.

மாற்றுத்திறனாளி என்ற சான்றுக்கு ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோல். தன் பராமரிப்பு, பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 4, அதோடு நோயின் காலத்துக்கு ஒரு மதிப்பெண். மொத்தம் 7 வந்தால்தான் 40 சதவீதக் குறைபாடு, அதாவது இட ஒதுக்கீட்டுக்கான தகுதி. நன்றாகத் தேறியவர் 7-ஐத் தொட மாட்டார். சான்றும் பெரும்பாலும் தற்காலிகமாகவே கிடைக்கும். பெண் பிள்ளை என்றால் ‘சான்று வாங்கினால் கல்யாணம் நின்றுவிடும்’ என்ற பயம் வீட்டில் பெரிதாக இருக்கும்; பயம் அர்த்தமில்லாதது என்று நாங்கள் சொல்ல மாட்டோம், முடிவை அந்தப் பெண்ணே எடுக்கட்டும்.

தேர்வுக்குப் படிப்பதை மட்டுமே வேலையாக வைத்துக்கொண்டால் மூன்று நான்கு ஆண்டு வீட்டுக்குள்ளேயே போய்விடும். பகுதி நேர வேலையோடு சேர்த்துப் படிப்பதே எங்கள் யோசனை. வேலை கிடைத்துவிட்டால் பாதுகாப்பு பலமானது: பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டது என்பதற்காக அரசு நிறுவனம் ஒருவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 20-ஆம் பிரிவு.

## 5. கடை, கறவை மாடு, தையல் மெஷின்

நேரம் நம் கையில். காலை பத்து மணிக்குத் திறந்தாலும் கேட்பாரில்லை. கிராமத்தில், பஸ் வசதி குறைந்த ஊரில், கூட்டத்தோடு வேலை செய்ய முடியாதவருக்கு இது பொருத்தம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்கு ஊரகத்தில் 35 சதவீதமும் நகரத்தில் 25 சதவீதமும் மானியம். சொந்தப் பங்கு 5 சதவீதம். மானியம் மூன்று ஆண்டு வங்கியில் பூட்டிவைக்கப்படும் என்பதை மறந்துவிடாதீர்கள். இடையில் கடை மூடினால் கடன் மட்டும் நிற்கும்.

பைபோலார் உள்ளவருக்குக் கல்லாப்பெட்டி தனி ஆபத்து. மேனியா (அளவுமீறிய உற்சாகம்) ஏறும் வாரத்தில் ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு ஆர்டர் போய்விடும். நன்றாக இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து, குறிப்பிட்ட தொகைக்கு மேல் இரண்டு கையெழுத்து என்று வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். இஎஸ்ஐ கிடையாது. அம்மாவின் உழைப்பும் அண்ணனின் மாலை நேரமும் கணக்கில் எழுதப்படாத சம்பளம்; அவர்களையும் செலவில் சேர்த்துப் பார்த்தால் கடையின் லாபம் வேறு மாதிரி தெரியும்.

## ஒரே பார்வையில்

| வழி | முதல் வருமானம் | நோயைச் சொல்வது | மோசமான நாளில் | பொருந்துவது யாருக்கு |
|---|---|---|---|---|
| பயிற்சி மையம் | ஊக்கத்தொகை மட்டும் | முழுதும் தெரியும் | மையம் தாங்கும் | தினசரி ஒழுங்கே இன்னும் அமையாதவர் |
| துணையோடு வேலை | சில மாதங்களில் | சம்மதித்த அளவு | துணைவர் வருவார் | வேலை வேண்டும் என்று கேட்கும் எவரும் |
| தானே தேடியது | சில வாரங்களில் | யாருக்கும் தெரியாது | தனியே | முழுதாகத் தேறியவர், தொழில் தெரிந்தவர் |
| அரசு ஒதுக்கீடு | ஆண்டுகள் | சான்றில் பதிவாகும் | சட்டம் தாங்கும் | 40 சதவீதமும் தேர்வுத் திறனும் உள்ளவர் |
| சொந்தத் தொழில் | ஊருக்கு ஊர் மாறும் | குடும்பம் அறியும் | குடும்பம் தாங்கும் | கிராமம், நெகிழ்வான நேரம் தேவைப்படுபவர் |

## மருந்தைப் பார்த்து வேலையைப் பார்ப்பது

எந்த வழியானாலும் இது பொது. பைபோலாருக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் பட்டறை, ஹோட்டல் அடுப்படி, கட்டட வேலை போன்ற வெக்கையில் வியர்த்து நீர்ச்சத்து இழந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகும். கை நடுக்கமும் வரும் என்பதால் நகை வேலை, சால்டரிங் போன்ற நுணுக்க வேலைகளை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனச்சிதைவுக்கான குளோசபின் மருந்து தொடங்கியவருக்கு முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தப் பரிசோதனை. அந்த லீவை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். காலை மயக்கம் இருந்தால் மாத்திரையைத் தானே நிறுத்தாமல், இரவு எத்தனை மணிக்குப் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றலாம். பைபோலார் உள்ளவருக்கு மாறிமாறி வரும் இரவு ஷிப்ட் தூக்கத்தைக் குலைத்து மேனியாவைக் கிளப்பும். சம்பளம் எவ்வளவு அதிகமானாலும் வேண்டாம்.

ஓய்வூதியக் குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மத்திய அரசு ஊழியராக இருந்து இறந்தவரின் மனநோயுள்ள பிள்ளைக்கு, சொந்தமாகப் பிழைக்க முடியாத நிலை என்றால் வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் உண்டு. 2021 முதல் அவருடைய மற்ற வருமானம், இறந்தவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தின் 30 சதவீதமும் அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும். வேலையில் சேரும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

## துணைவர் கிடைக்காத ஊரில்

துணையோடு வேலைதான் எங்கள் முதல் தேர்வு. சேவை பக்கத்தில் இல்லையென்றால் மூன்று பேரை வைத்து அதைக் கட்டிக்கொள்ளலாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் இருக்கும் சமூகப் பணியாளர் ஒருவர். வேலை இடத்தில் நம்பிக்கையான ஒருவர். வெளியில் ஒரு அத்தை மகனோ பழைய வாத்தியாரோ. அம்மா அப்பா இந்த மூவரில் வேண்டாம். கம்பெனி வாசலில் அம்மா வந்து நின்றால் இருபத்தைந்து வயதுக்காரர் பத்து வயதுப் பிள்ளையாகிவிடுகிறார்.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால் சம வாய்ப்புக் கொள்கையும், அதற்கென ஒரு தொடர்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்பது விதி. மாற்றுத்திறனாளி அட்டை உள்ளவர் ஷிப்ட் மாற்றம் கேட்கும்போது பேச்சை அந்த அலுவலரிடம் தொடங்கலாம்.

பிறகு ஒரு தாள். இளைஞரே தன் கையெழுத்தில் எழுதட்டும்: நோய் திரும்பும்போது எனக்கு முதலில் தெரிவது என்ன (இரண்டு இரவு தூக்கமின்மை, யாரோ என்னைப் பற்றியே பேசுவதுபோல் தோன்றுவது), அப்போது நான் யாருக்கு போன் செய்வேன், அவர் கம்பெனியில் யாருக்குச் சொல்வார், என்ன வார்த்தையில் சொல்வார், எத்தனை நாள் லீவு கேட்பார். அடியில் மருத்துவரின் எண், அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. மூன்று பிரதி எடுத்து அந்த மூவரிடமும், சேருகிற நாளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.